ரப்பர் பேண்டு இருந்த இடம்

மகள் செய்த கருவியைச் சாப்பாட்டு மேசையில் பார்த்ததுமே மெக்கானிக்குக் கை குறுகுறுத்தது. மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கிற கடை அவருடையது. கோணலாக எது கண்ணில் பட்டாலும் நிமிர்த்தாமல் இருக்க அவரால் முடியாது. அந்தக் கருவியிலோ கோணலாக இல்லாதது எதுவுமே இல்லை.

அது அத்தைக்காகச் செய்தது. அத்தை, மெக்கானிக்கின் அக்கா, இவர்களோடுதான் இருக்கிறாள். காது மந்தம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அடுப்படிக்கு வந்தாளானால், தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. தண்ணீர் கூடத்துக்கு வந்து காலை நனைத்தால்தான் தெரியும். அதில் அவளுக்கு வெட்கம் உண்டு, காட்டிக்கொள்ள மாட்டாள். "காது கேக்காததும் நல்லதுக்குத்தான். உங்க ரெண்டு பேர் சண்டையையும் கேட்டிருந்தா எப்பவோ ஓடிப்போயிருப்பேன்" என்று தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

எட்டாம் வகுப்பில் படிக்கிற மகளுக்கு வீட்டில் பொடிசு என்றுதான் பெயர். அவள் இதற்கு ஒரு வழி கண்டாள். மூடிபோட்ட காலி பாட்டில் ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். தண்ணீர் ஏற ஏற பாட்டிலும் ஏறும். அதில் செருகிய சைக்கிள் கம்பி ஒரு தகரத் துண்டைத் தள்ளும். அந்தத் தகரம் இன்னொரு தகரத்தைத் தொட்டதும் அடுப்படியில் சிவப்பு பல்பு எரியும். சட்டமெல்லாம் ஐஸ் குச்சி. ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தாள்.

முதலில் ஒரு தொல்லை இருந்தது. குழாய்த் தண்ணீர் விழுந்து அலையடிக்க, பாட்டில் ஆடி, பல்பு விட்டுவிட்டு எரிந்தது. "என்னைப் பார்த்துக் கண்ணடிக்குதுடி" என்றாள் அத்தை. பொடிசு நாள் கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டாள். ஏதேதோ வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தகரத்தை ஒரு ரப்பர் பேண்டால் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள். சின்ன ஆட்டத்துக்குத் தகரம் அசையவில்லை. தண்ணீர் நிஜமாகவே ஏறி அழுத்தினால்தான் நகர்ந்தது. அன்றைக்கு அவள் கூடத்துக்கும் குளியலறைக்குமாகக் குதித்தது அத்தைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். மெக்கானிக் கடையில் இருந்தார்.

பள்ளியில் புதிதாக ஒரு பட்டறை அறை திறந்திருந்தார்கள். துளை போடுகிற மெஷின், ரம்பம், பற்றவைக்கிற கருவி எல்லாம் பிள்ளைகளே கையாளலாம். ஆனால் அறிவியல் கண்காட்சியில் தேர்வாகிறவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். பொடிசு தினமும் அந்த அறை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள் என்று பள்ளி வாட்ச்மேனே ஒருநாள் மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாளவில்லையாம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கடைக்கு விடுமுறை. அம்மாவும் மகளும் சார்ட் பேப்பர் வாங்கக் கிளம்பினார்கள். வாசல்வரை போன அம்மா திரும்பி, மேசையைக் கண்ணால் காட்டி, அதில் கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஏன் தொடப்போகிறேன் என்றார் இவர்.

ஒரு இடத்தில் டேப் பிரிந்திருந்தது. அதை மட்டும் பற்றவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அதைச் செய்ததும் பக்கத்து இணைப்பு அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் செய்ததும் ஐஸ் குச்சி உறுத்தியது. அவர்கள் திரும்பி வருவதற்குள் குச்சி இருந்த இடத்தில் அலுமினியச் சட்டம் வந்துவிட்டது. தகரத்துக்குப் பதில் கடையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு ஸ்விட்ச். ரப்பர் பேண்டு எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. விளையாட்டுப் பிள்ளை ஏதோ மாட்டியிருக்கிறது என்று கழற்றிப் போட்டார். ஸ்விட்சுக்குள்ளேயே ஸ்பிரிங் இருந்தது.

பொடிசு வந்து பார்த்தாள். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். அம்மா சார்ட் பேப்பரை மூலையில் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே. மகள் சொன்னதைப் பாராட்டு என்றுதான் மெக்கானிக் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு பெற்றோர் வரிசையில் நின்றார். நடுவராக வந்தவர் வேறொரு பள்ளி ஆசிரியை. குனிந்து பார்த்தார், மேசையில் வைத்திருந்த சின்னத் தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார், பல்பு எரிந்ததும் தலையாட்டினார். பிறகு, தண்ணீர் இப்படி அலையடிக்கும்போது பல்பு ஏன் விட்டுவிட்டு எரியவில்லை என்று கேட்டார்.

பொடிசின் முகம் மலர்ந்தது. அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த கேள்வி அது. விரல் தானாகவே ரப்பர் பேண்டு இருந்த இடத்துக்குப் போய், கறுப்பு ஸ்விட்சின் மேல் பட்டு நின்றது.

"நான் ரப்பர் பேண்டு போட்டிருந்தேன் மிஸ். இப்ப அது இல்ல."

"அப்ப இதுக்குள்ள என்ன இருக்கு?"

"தெரியல மிஸ்."

"இதை யாரும்மா செஞ்சது?"

"அப்பா."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மெக்கானிக் வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டார். "யோசனை பூரா அவளோடது மேடம். நான் சும்மா கொஞ்சம் நீட் பண்ணேன்."

ஆசிரியை சிரித்தார். "எல்லா மேசையிலயும் அப்பாங்க இதைத்தான் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

பட்டறைக்குத் தேர்வானவர்களில் பொடிசு இல்லை. மெக்கானிக் பள்ளிக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், அன்பாகவே. வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்து, தகரம், குச்சி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் பொறுக்கி மேசையில் பரப்பினார். இதையே நீ மறுபடி கட்டு, நான் பக்கத்திலேயே வர மாட்டேன், அடுத்த வருஷம் இதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

"எதுக்குப்பா? நீங்க பண்ணதுதான் நல்லா வேலை செய்யுதே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வழி தெரிந்திருக்கும். அவள் ரப்பர் பேண்டை மட்டும் எடுத்து, சுருட்டிய சார்ட் பேப்பரில் மாட்டி, அலமாரிக்கு மேலே போட்டாள். பள்ளி விட்டு இப்போதெல்லாம் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஜன்னல் சுத்தமாக இருக்கிறது என்றார் வாட்ச்மேன்.

கருவி ஒருநாளும் பிசகவில்லை. பல்பு எரிகிறது, அத்தை எழுந்து போய்க் குழாயை மூடுகிறாள், கூடம் நனைவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தபோது பல்பு எரிந்தது. அவள் அதிசயமாகப் பார்க்க, அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. எங்க மருமக செஞ்சது, என் ஒருத்திக்காகச் செஞ்சது என்றாள்.

"அப்பா செஞ்சது அத்தை" என்றாள் பொடிசு, பாடப் புத்தகத்திலிருந்து நிமிராமல்.

அத்தைக்குக் கேட்கவில்லை. பொடிசு திருப்பிச் சொல்லவும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, எதைக் கழற்ற வந்தோம் என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.