நான் சேர்த்த குயில்

என் நாத்தனாரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நேரில் பார்த்துப் பல மாதமாகிறது. டிவியில் பார்த்துத்தான் எரிந்துகொண்டிருந்தேன். நகரத்து வேலையை உதறிவிட்டுப் புருஷனோடு கிராமத்துக்குப் போனவளை, ‘மண்ணுக்குத் திரும்பியவர்கள்’ என்று எங்கள் சேனல் தொடராகக் காட்டியது. அந்தத் தொடருக்கு எடிட்டர் நான். என் தலையெழுத்து.

ஜன்னலில்லாத எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு வாழ்க்கையைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. அவள் வீட்டுக்குப் பின்னால் கல் உடைக்கும் மெஷின் ஓடும். அதை எடுத்துவிட்டுக் குயில் கூவலைச் சேர்ப்பேன். எப்போதாவது சிரித்திருந்தால் அந்தச் சிரிப்பை மட்டும் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதே குயில் வீட்டு டிவியில் கூவும்போது, கொடுத்து வைத்தவள் என்று எனக்கே பொருமலாக வரும்.

மாமியார் சும்மா இருப்பாரா? “பாரு, என் பொண்ணு முகத்துல என்ன களை. நீயும் இருக்கியே, எப்பப் பாரு இஞ்சி தின்ன குரங்கு மாதிரி.”

என் கணவரோ, தங்கை பேச ஆரம்பித்ததும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

கடைசிப் பகுதிக்காக எடுத்ததில், பேட்டி முடிந்தும் கேமராவை நிறுத்த மறந்திருந்தார்கள். நாத்தனார் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அங்கே கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னாள். “அவரு வயலே கதின்னு கிடக்கறாரு. உன்ன விட்டா எனக்குப் பேச யாரு இருக்கா, சனியனே.” பிறகு அழுதாள்.

வெட்ட வேண்டிய காட்சி. நான் வெட்டவில்லை. குயிலை எடுத்துவிட்டு மெஷின் சத்தத்தை அப்படியே விட்டேன். ஊர் பார்க்கட்டும், முக்கியமாக மாமியார் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். புரொடியூசர், “உருக்கமா இருக்கு, போகட்டும்” என்று விட்டார்.

அந்த ஞாயிறு அது ஓடியபோது மாமியார் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மறுநாள் விடிந்ததும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த நாள் வேலை முடிந்து வந்தால், செருப்பு வைக்கும் இடத்தில் பெரிய பெட்டி. எங்கள் கட்டிலில் நாத்தனார். என் கணவர் எனக்கும் தனக்கும் ஹாலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்” என்றார் மாமியார். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, போன் பண்றவங்க எல்லாம் ‘உனக்கென்ன, ராணி’ன்னாங்க. அம்மாகூட. அப்புறம் நான் எப்படி இல்லன்னு சொல்றது? உங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கு.”

எனக்கு என்ன புரிந்தது? அந்தக் குயிலை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் நான்தான். அவள் மணிக்கட்டு எலும்பு என் விரலில் இடித்தது. நிஜமாகவே இளைத்திருந்தாள். பாவமாக இருந்தது.

அதற்குள் மாமியார் என் தலையணையை எடுத்து அவள் முதுகுக்கு வைத்தார். “நல்லா சாஞ்சுக்கோம்மா.”

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சாய்ந்துகொள்ளச் சொன்னதில்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.