பங்க்குக்குள் திரும்பிய முதல் ஆட்டோ

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அண்ணியின் சிரிப்பில் பிறந்தது. பெட்ரோல் விலை மறுபடி ஏறிய அன்று சூட்டோடு சூடாக நான் எழுதிய முதல் வரி இது:

தன் ஆட்டோவின் மீது கடைசிச் சொட்டு பெட்ரோலை ஊற்றிவிட்டு அந்த ஓட்டுநர் தீக்குச்சியை

பின்னால் நின்று அண்ணி படித்துவிட்டார். அண்ணன் இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து ஆட்டோ ஓட்டுவது அவர்தான். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த மூன்று சக்கரங்களை நம்பித்தான்.

"சொந்த வண்டிய எவனாவது கொளுத்துவானா தம்பி? அதுவும் விக்கிற விலையில, பெட்ரோல ஊத்தி?"

(அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

2

மக்கள் வெகுண்டெழுந்தனர். வீதியெங்கும்

வேண்டாம். மக்கள் வெகுண்டெழுந்து நான் பார்த்ததில்லை. முனகிக்கொண்டே டேங்கை நிரப்பியதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்ரோல் தீர்ந்து ஒரு வண்டி நின்றால், பின்னால் வருபவர் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, அதைப் பங்க் வரை தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். ஜென்மப் பகையாக இருந்தாலும் தள்ளியே ஆக வேண்டும்.*

விலையேற்றத்தைக் கண்டித்து அன்று எல்லோரும் பெட்ரோல் போடாமல், காலி டேங்கோடு, ஆட்டோக்களைக் கையால் தள்ளிக்கொண்டே கலெக்டர் அலுவலகம் வரை போவதாக ஏற்பாடு. வழியில் பங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அண்ணிதான் முதல் வண்டி.

* ஸ்டாண்டின் வாயாடிக்கு 'மைக்செட்' என்று பெயர். அவனுக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருமுறை அண்ணியின் வண்டி நின்றபோது அவனும் தள்ளினான், வாயைத் திறக்காமல்.

3

பங்க் வந்தது. பெட்ரோல் இல்லாத ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வேறு எங்கே போய்ப் பழக்கம்? அண்ணியின் கை தானாக ஹேண்டில்பாரை உள்ளே திருப்பிவிட்டது. பின்னால் வந்த மைக்செட்டும் திருப்பினான். அவனுக்குப் பின்னால் அத்தனை பேரும் திருப்பினார்கள். நிமிர்ந்து பார்த்தால் பங்க்கின் நுழைவாயிலில் ஒரு சைக்கிள் போக இடமில்லை.

(இதை அண்ணியின் ராஜதந்திரமாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "கை தவறிடுச்சுன்னே எழுதுங்க. தவறினதுக்கப்புறம் நகரலல்ல, அது போதும்.")

எங்கிருந்தோ ஒரு ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வண்டிய எடும்மா."

"பெட்ரோல் இல்ல சார்."

"பங்க்குலதான நிக்கிற? போட்டுக்கோ."

"இந்த விலைக்குப் போடறதா இல்ல."

"அப்ப தள்ளிட்டுப் போ."

"விலை எறங்கட்டும் சார், தள்ளிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மைக்செட்டைப் பார்த்தார். அவன் அண்ணியின் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான்.

4

முதல் முடிவு: விலை குறைகிறது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது முடிவு: அண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டு

மாட்டேன். இதை எழுதிவிட்டு அந்த வீட்டில் நான் சோறு தின்ன முடியாது.

ஆகவே கதையை கிரேன் வந்து நிற்கும் நிமிடத்தில் நிறுத்தி வைக்கிறேன். முதல் வண்டியைத் தூக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கலையும் என்று இன்ஸ்பெக்டர் உரக்கவே சொல்கிறார். தூக்கிய வண்டியை மீட்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதுவரை உலையில் எதைப் போடுவது? அண்ணி ஹேண்டில்பாரை விடவில்லை.

கிரேன் உள்ளே வர ஒரே வழி, வண்டிகள் வெளியேறும் பக்கம். அதன் குறுக்கே ஒரு பைக் நிற்கிறது. வரிசையில் நிற்காமல் அந்தப் பக்கமாக நுழைந்து பெட்ரோல் போட்டுவிடலாம் என்று வந்த பைக். இவ்வளவு நேரமும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

"கொஞ்சம் பின்னால எடுங்க" என்று போலீஸ்காரர் உங்களிடம் மரியாதையாகத்தான் சொல்கிறார். உங்களுக்கு வேலைக்கு நேரமாகிறது, தெரியும். நேற்று நீங்களும்தான் விலையைத் திட்டித் தீர்த்தீர்கள், அதுவும் தெரியும்.

இனி நான் எழுத ஒன்றுமில்லை. போலீஸ்காரர் மறுபடி சொல்கிறார். அண்ணி உங்களைத்தான் பார்க்கிறார்.