கதவோடு சேர்த்துப் பூசப்பட்ட கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, வாங்கிய திட்டில் உதித்தது. எங்கள் கார் ஷெட்டின் இரட்டை மரக்கதவுக்கு நேற்று பெயிண்ட் அடித்தேன். இன்று காலை இரண்டு கதவுகளும் ஒரே கதவாகிவிட்டிருந்தன. உள்ளே கார். பத்து மணிக்கு அந்தக் காரில் அக்காவுக்கு டிரைவிங் டெஸ்ட்.

(இத்தோடு போய்விட்டாலும் கதை புரிந்துவிடும். போகாதீர்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.)

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

மழையில் ஊறிய மரத்தின் மணம் அந்த மாலையை— பொய். தின்னர் நாற்றம்தான் அடித்தது.

கதவு என்பது திறப்பதற்கா, மூடுவதற்கா என்று மனிதகுலம்— மனிதகுலத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

தச்சர் தெளிவாகத்தான் சொன்னார். இது பரவாயில்லை. உண்மையும்கூட.

3

தச்சர் தெளிவாகத்தான் சொன்னார். மரக்கதவு குழந்தை மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கவனிக்கணும் என்றார். உப்புத்தாளால் தேய்த்தேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறும் என்றாரே, தரையில் படுத்து அடிவிளிம்புக்கும் பெயிண்ட் காட்டினேன். கடைசியாக அவர் சொன்னது, காயும்வரை கதவை மூடாதே என்பது.

தெருத்தூசி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டியது. மூடினேன். மூடியதும் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு கோடு அசிங்கமாகத் தெரிந்தது. அதன்மேல் மூன்று கை பூசி மறைத்தேன். கலைஞனுக்கு அழகுணர்ச்சிதான் எதிரி.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தத் தம்பி பாத்திரம் நம்பும்படி இல்லை, இவ்வளவு மக்கு உலகத்தில் இருக்க முடியாது என்கிறாள் அக்கா. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டுச் சொல்கிறாள்.)

4

அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இன்று வெள்ளி. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருக்கிறாள், இரண்டும் ரிவர்ஸில். முதல் முறை கம்பத்தை இடித்தாள். அடுத்த முறை இடித்துவிடுவோமோ என்று வண்டியை நகர்த்தவே இல்லை. இங்கேயே குடியிருக்கப் போறீங்களாம்மா என்று கேட்டாராம் அதிகாரி.

5

மணி ஒன்பதேகால். வெளியே நின்று அப்பா கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை.

"கதவைப் பராமரிக்கச் சொன்னா, சமாதி கட்டி வெச்சிருக்கே" என்றார் அப்பா, கத்தாமல். கத்தியிருந்தால் தேவலை.

பிறகு பட்டி பார்க்கும் தகட்டால் நடுக்கோட்டை மேலிருந்து கீறிக்கொண்டே வந்தார். கீழ்ப்பகுதியில் தகடு நுழையவில்லை. உள்ளிருந்து யாராவது தள்ள வேண்டும். சமையலறை வழியாக ஷெட்டுக்குள் போய்த் தோளால் முட்டினேன். தோள்தான் இடம் மாறியது.

பின்னாலேயே வந்த அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். அதன் பின்பக்கம் கதவை நோக்கி இருந்தது. காருக்கும் கதவுக்கும் நடுவில் வைக்க என் தலையணையைக் கேட்டாள்.

"ரிவர்ஸ்ல மெதுவா போய்த் தொட்டு, லேசா ஒரு அழுத்து. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்க்கா."

"அதைத்தான்டா ரெண்டு தடவையா என்னால பண்ண முடியல."

[இங்கே உருக்கமாக ஒரு வாக்கியம் வர வேண்டும். வரவில்லை.]

"பக்கத்துல அந்த அதிகாரிக்குப் பதிலா நான் உட்கார்றேன்" என்றேன்.

"அப்போ நிச்சயம் ஃபெயில்தான்" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் போட்டாள்.

6

முடிவுகள் கைவசம் மூன்று.

அ) கதவு திறக்கிறது, டெஸ்ட், லைசென்ஸ், இனிப்பு. கேட்கும்போதே பல் கூசுகிறது.

ஆ) கதவு மொத்தமாகச் சாய்கிறது. தச்சருக்கு மட்டும் நல்ல முடிவு.

இ) நடந்துகொண்டிருப்பது. அக்கா கிளட்சை நூல் நூலாக விடுகிறாள். தலையணை கதவில் பட்டு நசுங்குகிறது. பெயிண்ட் 'டப்' என்று விட்டுக்கொடுக்கிறது. விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

பிரேக். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் கண்ணைச் சுருக்குகிறாள்.

"டேய், பின்னாடி யாரோ நிக்கறாங்க."

"அப்பா ஒதுங்கிட்டாரே."

"அப்பா இல்லடா."

உங்களைத்தான் சொல்கிறாள். முதல் வரியிலிருந்து கதவுக்கு நேரே நின்றுகொண்டுதான் படிக்கிறீர்கள். வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான்: நீங்கள் நகராமல் அவள் நகர மாட்டாள்.

மணி ஒன்பது நாற்பது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அக்கா பின்னால் வருகிறாள்.