மருமகனின் இடது கால்

"புள்ளைக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் யோசிக்கிறேன்" என்றார் செல்லச்சாமி சேர். குரலில் அப்படியொரு கனிவு. பாவி.

கிருஷாந்தி அப்போதுதான் ஐம்பத்து நான்கு படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். புசல்லாவைத் தோட்டத்தில் கொழுந்து லொறி புரண்டபோது ஒன்பது வயதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், விடுதி ஒரு மேட்டிலும் வகுப்பு இன்னொரு மேட்டிலுமாக இருந்ததால் போக முடியாமல், வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். கண்டியில் ஒரு திணைக்களத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய ஒரேயொரு எழுதுவினைஞர் இடத்துக்குத்தான் வந்திருந்தாள். அந்த நேர்முகப் பரீட்சையை லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வைத்த மகாபுத்திசாலியும் திணைக்களத் தலைவரான இதே செல்லச்சாமிதான்.

வேலை சுதேஷ் என்ற பையனுக்குப் போனது. கிருஷாந்தியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. பட்டியல் ஒரு வருடம் செல்லும்.

சுதேஷை அவள் அன்றைக்கே பார்த்திருந்தாள். இடது கால் ஊனம் என்றான். கைத்தடியையும் இடது கையிலேயே பிடித்திருந்தான். கால் போனவர்களுக்கு அது ஒரு பார்வையிலேயே தெரியும். ஊனக் கால் ஒரு பக்கம் என்றால் தடி மறுபக்கக் கையில் இருக்கவேண்டும், அப்போதுதான் உடம்பு தாங்கும். இவன் தடியைக் குடை மாதிரி கொண்டு போனான். நேர்முகப் பரீட்சை நடத்திய மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை.

திணைக்களத்தின் வாசலுக்கு நேரெதிரே ஹாஷிம் நானாவின் போட்டோ கொப்பிக் கடை. விண்ணப்பம் நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார். கிருஷாந்தி அங்கே சேர்ந்தாள். அவளுக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம். கடைக் கதிரையில் உட்கார்ந்தால் அந்த வாசல் முழுதாகத் தெரியும்.

"அவன் செல்லச்சாமி சேர்ட தங்கச்சி மகன், ஒனக்குத் தெரியாதா?" என்றார் நானா. "திகனயில ஞாயித்துக்கெழமைல கிரிக்கட் வெளாடுவானே."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் திகனைக்கு பஸ் ஏறினாள். மைதானத்து ஓரத்தில் நின்று போனில் படம் பிடித்தாள். சுதேஷ் இருபது அடி ஓடி வந்து பந்து போட்டான், விக்கெட் விழுந்ததும் துள்ளிக் குதித்தான்.

முறைப்பாடு எழுதலாம்தான். எழுதினால் அது நேரே செல்லச்சாமியின் மேசைக்கு வந்து அங்கேயே செத்துப்போகும். அதுவுமில்லாமல், அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. வெறும் முறைப்பாட்டில் அது அடங்குகிற மாதிரி இல்லை.

படத்தைச் சுதேஷுக்கே அனுப்பினாள். கீழே எழுதினாள்: "எதிர்க் கடையில இருக்கிறேன். இனிமே நொண்டாம ஒரு அடி வச்சாலும் இந்தப் படம் கண்டி முழுக்கப் போகும். திகனயிலயும் எனக்கு ஆள் இருக்கு."

ஆள் யாரும் இல்லை. ஆனால் பயந்தவனுக்கு ஊரெல்லாம் கண்.

சுதேஷ் நொண்டினான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நொண்டினான், தேத்தண்ணி குடிக்கப் போகும்போது நொண்டினான். கிரிக்கட் நின்றது. மோட்டார் சைக்கிள் வீட்டில் தூசி பிடித்தது. அவன் வாசலில் தட்டுத்தடுமாறும் ஒவ்வொரு காலையும் கிருஷாந்திக்குத் தேத்தண்ணி கூடுதலாக இனித்தது. அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. கொழும்பில் கம்பியூட்டர் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். "தம்பிக்கு அலைச்சல் கஷ்டம்" என்றார்களாம். படி ஏறும்போது பின்னால் வருபவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தெல்தெனியவில் யசோதினி என்ற பெண்ணோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா அவனைப் பார்க்க ஒபீசுக்கே வந்தார். வாசலில் அவன் நடந்து வருவதைப் பார்த்தார், மருமகனாக வரவேண்டியவனை உட்கார வைத்து நலம் விசாரித்தார், போனவர் போனவர்தான். எதிர்க் கடைக் கதிரையிலிருந்து கிருஷாந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படட்டும் என்று நினைத்தாள். இருபது வருடம் தன்னிடம் சொன்னதையெல்லாம் அவனும் ஒரு தடவை கேட்கட்டும்.

வேலையில் சேர்ந்த பத்தாம் மாதம், கடை அடைக்கிற நேரத்தில் சுதேஷ் வந்து நின்றான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

"அக்கா, முடியல. இடுப்பு நெசமாவே வலிக்குது. நான் வேலையை விட்டுர்றேன். அந்த எடம் உங்களுக்கே வரும். என்னை விட்டுருங்க."

"விட்டுட்டுப் போங்க தம்பி. ஆனா ஏன் விடுறீங்கன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு காலும் நல்லா இருக்கு, பொய் சேட்டிபிகட் குடுத்து வேலைக்கு வந்தேன், யார் சேத்து விட்டாங்க, எல்லாம் ஒங்க கையெழுத்துல."

"மாமா அழிஞ்சு போயிருவாருக்கா."

"அப்ப நொண்டுங்க. பென்சன் வரைக்கும் இன்னும் முப்பத்தஞ்சு வருசம்தானே."

அவன் அழுதான். அழுதுகொண்டே எழுதினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கே கிருஷாந்தி அதைக் கொப்பி எடுத்து, படத்தையும் ஒரு டிஸ்க்கில் போட்டு, கொழும்பில் அமைச்சுக்கும் இன்னும் இரண்டு இடங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள். மூலப் பிரதியை மேசை லாச்சியில் வைத்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்குச் செல்லச்சாமி சேர் மூன்று மாடியும் இறங்கி, ரோட்டைக் கடந்து, கடைக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. கையில் நியமனக் கடிதம், முத்திரையோடு.

"சுதேஷ் ராஜினாமா குடுத்துட்டான். பட்டியல்ல அடுத்தது நீங்கதான், மொறைப்படிதான் குடுக்கிறேன். அந்தப் பய எழுதின தாளை மட்டும் குடுத்துருங்கம்மா."

நேற்றுவரை புள்ள. இன்றைக்கு அம்மா. கிருஷாந்தி கடிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். திகதியைப் பார்த்தாள், கையொப்பத்தைப் பார்த்தாள். பிறகு லாச்சியைத் திறந்து தாளைக் கொடுத்தாள்.

அவர் அதை அங்கேயே எட்டாகக் கிழித்தார். துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. போட்டோ கொப்பிக் கடையில் நின்றுகொண்டு கிழிக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஹாஷிம் நானா சிரிப்பை அடக்க முடியாமல் மெசினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை கிருஷாந்தி வேலையை ஏற்றாள். கொழும்பிலிருந்து விசாரணைக்காரர்கள் வந்து செல்லச்சாமியைப் பணி இடைநிறுத்தம் செய்யப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும், அவர் அவள் மேசையைக் கடந்து அறைக்குப் போகும்போதெல்லாம், பொய்க்காலைப் பொருத்தி, மேசையைப் பிடித்து எழுந்து நின்று, "குட் மோனிங் சேர்" என்றாள். அவரும் ஒவ்வொரு நாளும் கனிவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.