முழங்கை பட்ட இடம்

பிரேதம் வாசல் படலையைத் தாண்டியதும் பெண்கள் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்கள். செத்தவரின் மனைவி அன்னப்பூரணி மட்டும் கராஜ் கொட்டிலுக்குள் போனாள்.

"மச்சாள், எங்க போறீங்க? முழுகிற்றுத்தான் மறுகா எல்லாம்," என்று பின்னால் ஓடி வந்தாள் கண்ணகை. போனவரின் தங்கை.

கொட்டிலுக்குள் கரவன் வண்டி நின்றது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீடு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் கல்லடிக் கடற்கரையில் விட்டுப்போனது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை விழுந்து அதன் அலுமினியத் தகடெல்லாம் நெளிந்து கிடந்தது. அதைத்தான் ஓட்டமாவடி மஜீட் வாங்கினான். போன வருடச் சண்டையில் அவனுடைய தேத்தண்ணிக் கடை எரிந்துபோயிருந்தது. இனிச் சண்டை வந்தால் கடையையும் இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று சிரித்தவன் அவன்.

மற்ற கராஜ் பாஸ்மார் நெளிவுகளைப் பட்டிப் பசையால் அப்பி மறைத்துப் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். அழகரத்தினம் டிங்கர் பாஸ் மட்டும் தகட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல தகடு. சொன்னாக் கேக்கும்," என்றார். பட்டி பூசுவது அவருக்குப் பொய்ச்சாட்சி சொல்வது போல. அவர் வெளியே நின்று சுத்தியலால் தட்டுவார். வண்டிக்குள் இருந்து இரும்புக் கட்டையைத் தகட்டோடு அணைத்துப் பிடிப்பது அன்னப்பூரணி. கலியாணமான நாளிலிருந்து அவள் இடம் அதுதான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கை ஓரிடத்திலும் தடக்காமல் போனால்தான் வேலை முடிந்தது என்பார். அப்படி ஒரு மனிதன்! அவருக்கு இன்னொரு கை மாதிரி இருந்ததில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நேற்று கடைசி நெளிவும் எடுபட்டுவிட்டது. சுத்தியல் சத்தம் நின்றது. தடவிப் பார்க்கிறார் என்றுதான் உள்ளே இருந்தவள் நினைத்தாள். திடீரென்று அவள் கண்ணுக்கு முன்னாலேயே தகடு ஒரு முழங்கை இடித்தாற்போல் உள்ளே புடைத்தது. ஓடி வந்து பார்த்தபோது அவர் வண்டியோடு சரிந்து கிடந்தார். மூச்சு இல்லை.

இப்போது அந்தக் குழிக்கு முன்னால் மஜீட் நின்றான். படலைவரை பிரேதத்தைச் சுமந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். நாளைக்கு ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்று கதை அடிபட்டது. பொழுதுபட முன் வண்டியை இழுத்துப்போகும் டிரக்டர் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

"இது இருக்கட்டும் அக்கா. பாஸ்ட கை பட்ட இடம். நான் தொடமாட்டன், பெயின்றும் அடிக்கமாட்டன்," என்றான். கண் கலங்கியிருந்தது.

அன்னப்பூரணி குழிக்குள் தன் முழங்கையை வைத்துப் பார்த்தாள். விட்டுவிடத்தான் அவளுக்கும் ஆசை. இரவு முழுக்கப் பிரேதத்தடியில் இருந்தாலும் மனம் இங்கேதான் கிடந்தது. அவருடைய உடம்பு பதிந்த இடம் என்று பூமியில் வேறெங்கே இருக்கிறது?

"தேத்தண்ணி குடிக்க வாறவங்க கேப்பாங்க தம்பி, ஆருட வேலை எண்டு. அழகரத்தினத்திட எண்டுதான் நீங்களும் சொல்லுவீங்க. குழியோட விட்ட மனிசன் எண்டு பேர் வர வேணாம்."

அவள் இரும்புக் கட்டையை எடுத்து மஜீட்டின் கையில் கொடுத்தாள். "உள்ளுக்குப் போய் இதை அணைச்சுப் பிடிங்க. தள்ள வேணாம், சாஞ்சு நிண்டாக் காணும்."

"செத்த வீட்டில சுத்தியல் சத்தமா? ஊர் என்ன சொல்லும்?" கண்ணகை பதறினாள்.

"உங்கட அண்ணன் இருந்தா என்ன சொல்லுவார் எண்டு யோசிங்க புள்ள."

கண்ணகை வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

அன்னப்பூரணி சுத்தியலை எடுத்தாள். வெளியே நின்று தட்டுவது இதுதான் முதல் தடவை. குழிக்குள் அடிக்கவில்லை, சுற்றிவரக் கிளம்பியிருந்த விளிம்பில் மெல்ல மெல்லத் தட்டினாள். எங்கே பலமாக, எங்கே பதமாக என்று கைக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்திருந்தது. குழி ஆழம் குறைந்து கொண்டே வந்தது. அவர் பதிந்த இடத்தை ஒவ்வொரு தட்டாக அவளே அழித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா அக்கா?" என்று உள்ளேயிருந்து மஜீட் கேட்டான்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டில் வைத்துத் தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவும் தடவினாள், இன்னும் மெதுவாக.

கை ஓரிடத்திலும் தடக்கவில்லை.