ஒன்றுக்கு நாற்பது

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. லண்டன் மோர்டனில், மாப்பிள்ளையின் தகப்பன் சற்குணத்தாரின் முன்னறையில் இருந்தவர்களில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. மணவறையில் யார் யார் நிற்பது என்ற பேச்சு வந்ததும்தான் அறை அப்படிப் போயிற்று.

“நகுலேஸ்வரி அக்கா குறை நினைக்கக் கூடாது,” என்று தொடங்கினாள் சற்குணத்தாரின் தங்கை சிவமலர். குறை நினைக்கக் கூடாது என்று ஒருவர் தொடங்கினால், நினைப்பதற்கான குறை பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். “தாரை வாக்கிறதைப் பெட்டையின்ர பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்யட்டும். நீங்கள் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாத்தீங்களெண்டால் எங்களுக்கும் பெரிய உதவி.”

நகுலேஸ்வரி மணப்பெண்ணின் தாய். மகள் ஜதுர்ஷிகா ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே புருசன் செத்துப்போனான். ஹீத்ரோவில் விமானங்களைத் துப்புரவு செய்து, அந்தச் சம்பளத்தில் பிள்ளையை மருந்தாளர் ஆக்கியவள். தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைத் தகப்பன் மாப்பிள்ளையின் கையில் கொடுக்க, தாய் செம்பிலிருந்து நீர் வார்ப்பாள். அந்த நீரை வார்க்க அவளுக்குக் கை இல்லை என்பதுதான் சிவமலர் நயமாகச் சொன்ன செய்தி.

“அதுதானே முறை,” என்றார் செல்வரத்தினம். செத்தவனின் தமையன். நகுலேஸ்வரி இருக்கிற அதே ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு, அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலை ஒரு நாளும் மிதிக்காத பெரியப்பா.

“எங்கட பக்கத்தில அண்ணை நிப்பார். அண்ணிக்குப் பதிலா நான் பக்கத்தில நிக்கிறன்.”

இதைச் சிவமலர் சொன்னபோது அவளுடைய தலைக்கு மேலே, சுவரில், சற்குணத்தாரின் மனைவி மாலை போட்ட படமாக இருந்தாள். அவள் இறந்து நான்கு வருடம். பெண்டாட்டியை இழந்தவர் தலைப்பாகை கட்டி மணவறையில் நிற்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் ஒரு தோஷமும் தெரியவில்லை. சாவு ஆம்பிளையில் ஒட்டாது போலிருக்கிறது.

மாப்பிள்ளை துஷாந்தன் போனிலிருந்து தலையை எடுக்காமல், “எனக்கு எதெண்டாலும் ஓகே,” என்றான்.

நகுலேஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சம்பந்தி என்ன சொல்லுறார்?”

எல்லோரும் சற்குணத்தாரைப் பார்த்தார்கள். சற்குணத்தார் தேநீரில் படிந்திருந்த ஆடையைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். வீடு நிறையப் புத்தகம். பேசாத மனிதரின் பின்னால் புத்தக அலுமாரியும் இருந்துவிட்டால், அவர் ஏதோ பெரிதாக யோசிக்கிறார் என்று நம்ப நம்முடைய சனம் எப்போதும் தயார். அன்றும் அவர் வெகுநேரம் யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் சிவமலர் சேலை நிறத்துக்குப் போய்விட்டாள்.

அந்தச் சற்குணத்தாருக்கு ஒரு நண்பர் இருந்தார்.

நேரில் கண்டதில்லை. குரல் கேட்டதில்லை. மனைவி போனபின், வீட்டின் அமைதியைத் தாங்கமாட்டாமல் அவர் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டத் தொடங்கினார். அதில் விழுந்த மற்றத் தமிழர்கள் நடத்திய வட்சப் குழு ஒன்று அவரையும் சேர்த்துக்கொண்டது. ‘ஏழாவது பந்து’ என்று பெயர். அங்கே ஒருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை; வீட்டுக்குத் தெரியாத வேறு இலக்கத்திலேயே எல்லோரும் இருந்தார்கள். சவுத்தாலில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர் பவுன்சர். சற்குணத்தார் தனக்கு அம்பயர் என்று வைத்துக்கொண்டார். நண்பர் தன்னைப் பன்னிரண்டாவது ஆள் என்று சொல்லிக்கொண்டார். அணியில் பெயர் இருக்கும், ஆட்டத்தில் இடம் இருக்காது, தாகமெடுத்தவனுக்குத் தண்ணீர் கொண்டு ஓடுவதே வேலை என்று விளக்கமும் சொன்னார். குழு அவரைப் பன்ரெண்டு அண்ணை என்று கூப்பிட்டது.

பன்ரெண்டு அண்ணை ஒரு பவுண் காசுக்கு மேல் கட்டமாட்டார். அதையும் எப்போதும் கடைசியில் ஆட வருகிறவர்கள் மேல்தான் கட்டுவார். ஒன்பது விக்கெட்டும் போய், துடுப்பைப் பிடிக்கவே தெரியாதவன் ஒருவன் தட்டித்தட்டி நிற்கும்போது, “நிக்கட்டும், நிக்கட்டும்” என்று எழுதுவார். பெரும்பாலும் தோற்பார். அதற்காகக் கவலைப்பட்டதே இல்லை. ஆனால் வாய் மட்டும் கூர். ஒருநாள் பவுன்சர் தன் டிப்ஸைப் பற்றிப் பெருமையடித்தபோது எழுதினார்: “உம்மட டிப்ஸ் லண்டன் மழை மாதிரி, பவுன்சர். வருமெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆருக்கும் பிரயோசனமில்லை.”

சற்குணத்தார் வெறிபிடித்துக் கட்டிய ஒரு குளிர்காலம் இருந்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அவுஸ்திரேலியாவில் விடிகிற ஆட்டமெல்லாம் பார்த்தார். அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது.

“அம்பயர், போனைக் கீழ வைச்சிட்டுப் போய்ச் சோத்தைத் தின்னும். சமைச்சனீரோ?”

சமைக்கவில்லை. மனைவி போனபின் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அதுதான். எழும்பிப்போய் அரிசி போட்டார். அதன்பிறகு ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருவரும் எழுதிக்கொண்டார்கள். எழுதாமலும் இருந்தார்கள். ஒரே ஆட்டத்தை இருவரும் பார்த்துக்கொண்டு, ஒரு பிற்பகல் முழுக்க ஒரு சொல்லும் எழுதாமல், கடைசியில் “சரி” என்று ஒருவர் எழுத “ஓம்” என்று மற்றவர் எழுதி முடித்த நாட்களும் உண்டு. பேசாமலே கூட இருக்கத் தெரிந்த ஒரு மனிதர் உலகத்தில் அகப்பட்டதை எண்ணிச் சற்குணத்தார் உருகினார்.

“கவுண்டி ஆட்டமெல்லாம் பாக்கிறியள். ஸ்கை ரீவிச் சனலோ, அண்ணை?”

“வீட்டில ஒராள் எடுத்த சனல். ஆள் போட்டுது. சனல் நிக்குது.”

மகன் கலியாணம் கட்டித் தனியே போயிருப்பான் என்று சற்குணத்தார் விளங்கிக்கொண்டார். அண்ணை ஹவுன்ஸ்லோவில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர், முழங்கால் நோ, கொஞ்சம் முன்கோபம் என்று ஒரு முகத்தையும் கற்பனை செய்து வைத்திருந்தார். வேறு விதமாக நினைக்க அவருக்கு மட்டுமல்ல, குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பகிடி விடுகிறது, பந்தயம் கட்டுகிறது, கிரிக்கெட் தெரிகிறது என்றால் அது ஆம்பிளைதானே.

மகனின் கலியாணம் சரிவந்ததும், மண்டபத்தின் பெயரோடும் திகதியோடும் குழுவில் அறிவித்தார். எல்லோரும் உடனே பூச்செண்டு அனுப்பினார்கள். பன்ரெண்டு அண்ணையின் வாழ்த்து மட்டும் அடுத்த நாள்தான் வந்தது.

முன்னறையில் தேநீர் ஆறிய அந்த வாரக் கடைசியில் மழையால் ஆட்டம் நின்றிருந்தது. குழுவில் பன்ரெண்டு அண்ணை எழுதினார்.

“சும்மா இருக்கிறம். ஒரு சில்லறைப் பந்தயம். எனக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு கலியாணம். பொம்பிளையின்ர தாய் புருசன் இல்லாதவ. தாரை வாக்கேக்கை அவ மணவறையில நிப்பாவோ, மாட்டாவோ?”

குழு கலகலத்தது. “நிண்டா நான் சவுத்தால் ரோட்டில வேட்டியில்லாமல் ஓடுறன்,” என்றார் பவுன்சர். கடையின் முற்பணத்தைக் குதிரையில் விட்டுவிட்டு மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்திருந்த பவுன்சர், குடும்பத்துக்கு ஒரு லட்சணம் வேண்டும் என்றும் எழுதினார். பிறகு எல்லோரும் விகிதம் போடச் சொல்லி அம்பயரைக் கேட்டார்கள்.

சற்குணத்தார் நேர்மையானவர். சிவமலரை நினைத்தார், செல்வரத்தினத்தை நினைத்தார், கணக்குப் போட்டு எழுதினார்: “ஒண்டுக்கு நாப்பது.” நிற்பாள் என்று ஒரு பவுண் கட்டி வென்றால் நாற்பது; அதாவது, நடக்காது.

“அவ்வளவு நிச்சயமோ, அம்பயர்?” என்று தனியாகக் கேட்டார் நண்பர்.

“எங்கட வழக்கம் அப்பிடி, அண்ணை. நானும் நீங்களும் மாத்தேலுமோ?”

“ஏலாதோ?”

“ஏலாது. பாவம் அந்த மனுசி.”

இந்த ‘பாவம்’ என்ற சொல்லை எழுதியபோது அவருக்குக் கண் கலங்கியது. விதவைகளின் துயரம் பற்றி அவர் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறார். தன் வீட்டுக் கதைபோலவே இருக்கிறதே என்று ஒருகணம் தோன்றியது. இப்படி ஒரு கலியாணம் லண்டனில் ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறதுதானே என்று அடுத்த கணம் ஆறிவிட்டார்.

நண்பரின் பதில் சற்றுப் பிந்தி வந்தது.

“சரி. நிப்பா எண்டு என்ர ஒரு பவுண்.”

கலியாண நாள் நல்ல வெயில். மணவறையில் சற்குணத்தார் தலைப்பாகையோடு நின்றார். பக்கத்தில் சிவமலர். பெண்ணின் தாய் தகப்பனை ஐயர் வரச்சொல்ல, செல்வரத்தினமும் மனைவியும் எழுந்து வந்தார்கள்; அவர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது சாப்பாட்டுப் பக்கமிருந்து நகுலேஸ்வரி வந்தாள். மற்ற நாளெல்லாம் வெளிறிய சேலையில் கண்டவள், அன்று நல்ல கரும்பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். கையில் வெள்ளிச் செம்பு. நடை அவசரமில்லாத நடை.

சிவமலர் படியிலேயே மறித்தாள். “அக்கா, இது பேசி முடிச்ச விசயம்.”

“நீங்கள் பேசினனீங்கள். நான் இருந்து கேட்டனான்.”

“நல்ல காரியத்தில அபசகுனம் வேண்டாம். நீங்கள் பெத்த பிள்ளைக்குத்தான் கூடாது.”

“பெத்தது நான் எண்டது ஞாபகம் இருக்குத்தானே. அது போதும்.”

நாதஸ்வரம் தானாகத் தேய்ந்து நின்றது. ஐயர் சற்குணத்தாரைப் பார்த்தார். செல்வரத்தினம் பார்த்தார். மண்டபம் முழுவதும் அவரைப் பார்த்தது. ஒரு சொல் போதும். ஒரு தலையசைப்புப் போதும்.

நகுலேஸ்வரி அவருக்கு நேரே வந்து நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“ஒண்டுக்கு நாப்பது தந்தனீங்கள், அம்பயர். இப்ப விரலைத் தூக்குங்கோ. அல்லாட்டித் தலையை ஆட்டுங்கோ.”

சற்குணத்தார் செம்பைப் பார்த்தார். சமைச்சனீரோ என்று கேட்ட ஆள் இவள்தான். ஆள் போட்டுது, சனல் நிக்குது என்று எழுதிய கை இந்தச் செம்பைப் பிடித்திருக்கிற கைதான். முன்னறையில் ‘சம்பந்தி என்ன சொல்லுறார்’ என்று கேட்டதும், மழை நாளில் ‘ஏலாதோ’ என்று கேட்டதும் ஒரே கேள்விதான். வாயைத் திறந்தார். மண்டபத்தில் அத்தனை சொந்தக்காரர். வாய் மூடிக்கொண்டது. மாலையிலிருந்த ஒரு பூவைப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு அவரைக் கடந்து போனாள், தெருவில் நிற்கிற ஒரு கம்பத்தைக் கடப்பது போல.

ஜதுர்ஷிகா பெரியப்பாவின் கையிலிருந்து தன் கையை எடுத்தாள். “வாங்கோ அம்மா,” என்றாள், ஏதோ பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் காட்டுவதுபோல. நீர் விழுந்தது. ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். அவருக்கு அடுத்த கலியாணம் வேறு மண்டபத்தில் இருந்தது. சிவமலர் வீடியோக்காரருக்குக் கையால் ஒரு சைகை காட்டினாள். அதனால் கலியாண வீடியோவில் அந்த இடம் வரும்போது தவில்காரரின் முகம் நெடுநேரம் தெரிகிறது.

அன்று மாலை குழுவில் பன்ரெண்டு அண்ணையின் ஒரே சொல் வந்தது: “நிண்டவ.” அதற்குக் கீழே, அந்த ஆள் குழுவிலிருந்து விலகிவிட்டதாக அறிவிப்பு.

குழு கொதித்தது. பவுன்சர் பந்தயம் செல்லாது என்றார். பிறகு வேறொருவர் எழுதினார்: “என்னதான் சொன்னாலும், அந்த மாப்பிளையின்ர தேப்பன் பெரிய மனுசன். விட்டிருக்கிறாரே.” ஆளாளுக்கு அதை ஆமோதித்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெரிய மனிதருக்குக் கைகூப்பல்கள் குவிந்தன. சற்குணத்தார் அதை இரண்டாம் முறை வாசித்தார். மறுத்து எழுதவில்லை.

மோர்டனிலும் கதை அப்படியே பரவியது. புத்தகம் படிக்கிற மனிதர், முற்போக்கானவர், சம்பந்தியை முன்னுக்கு நிற்க விட்டார் என்று. கோயிலில் இருவர் கை கொடுத்தார்கள். சிவமலர்கூட வர வர, “எங்கட அண்ணை உதுகள் பாக்கிறேல்லை,” என்று சொல்லத் தொடங்கினாள். அப்போதும் சற்குணத்தார் தன் பெயர்பெற்ற மௌனத்தைக் கலைக்கவில்லை.

ஆனால் நண்பர் இல்லை. ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போகும். அவர் எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. செத்தவரை நினைக்கலாம், படம் மாட்டலாம். இந்த நண்பரோ மாதத்தில் ஒரு தடவை, அதே வீட்டுக்கு வாழ வந்த மகளைப் பார்க்க ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற மனிதர். வந்து, “சுகமோ சம்பந்தி?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போய்விடுகிறவர்.

புரட்டாதி முடியும் ஒரு பிற்பகல், ஜதுர்ஷிகா வேலையிலிருந்து வரும்வரை நகுலேஸ்வரி முன்னறையில் இருக்க நேர்ந்தது. தொலைக்காட்சியில் கடைசி நாள் ஆட்டம். ஒன்பது விக்கெட்டும் போய், கடைசிச் சோடி தட்டிக்கொண்டிருந்தது. சற்குணத்தார் ஒலியைக் குறைத்தார்.

“நான் மறிக்கேல்லைத்தானே,” என்றார். அத்தனை மாதம் யோசித்து அவர் கண்டுபிடித்த வசனம் அது.

“ஓம். மறிக்கேல்லை.”

அவர் எழும்பி அலுமாரிப் புத்தகம் ஒன்றுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “உங்கட நாப்பது. வெண்டது வெண்டதுதான். பழையபடி எழுதுங்கோவன், அண்ணை.”

அண்ணை என்று வாயில் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. உறையை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“அம்பயர் தீர்ப்புச் சொல்லாத ஆட்டத்துக்கு நான் காசு வாங்கிறேல்லை, சம்பந்தி.”

கதவில் திறப்புச் சத்தம் கேட்டது. மகள் வந்துவிட்டாள். நகுலேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். போகும்போது திரையில் ஒருகணம் நின்றது அவள் பார்வை. கடைசி ஆட்டக்காரன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஆறு பந்து.

‘நிக்கட்டும்’ என்ற சொல்லுக்காகச் சற்குணத்தார் காத்திருந்தார். குசினியில் தாயும் மகளும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார்கள். முன்னறையில் அவர் விரும்பிய அளவுக்கு அமைதி இருந்தது.