ஆறு மாதக் கோப்பை

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் மன்றத்தார் ஆண்டுதோறும் தை மாதத்தில் உள்ளூர்ப் பாட்டுக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் மேடையேற்றிப் பரிசு கொடுப்பார்கள். அந்த வருஷம் பெண்கள் பாட்டில் இரண்டு பேர் சரிசமமாக வந்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வந்த மாணிக்கம்மாள். சுரங்கத்து மண்மேட்டில் மரக்கன்று நடும் கான்ட்ராக்ட் வேலைக்காரி. இன்னொருத்தி விருத்தாம்பாள், மன்றக் கமிட்டியில் இருந்த என்ஜினீயர் சிவப்பிரகாசத்தின் மனைவி.

கோப்பை ஒன்றுதான். ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும் என்று மேடையிலேயே தீர்ப்பாகிவிட்டது. சீட்டுப் போட்டதில் முதல் ஆறு மாதம் விருத்தாம்பாளுக்கு விழுந்தது.

ஆடி பிறந்தது. கோப்பை வரவில்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி மாணிக்கம்மாளுக்கு அலுத்துப்போனது.

"மேடையில உன் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க இல்ல, அது போதும் வுடு" என்றான் புருஷன் ராஜாங்கம். "அவங்க வூட்டு வாசல்ல போயி நின்னுகினு இருப்பியா?"

"நின்னா என்னா? நான் பாடி வாங்கனதுதான?"

ஞாயிற்றுக்கிழமை தலையை வாரி முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். அந்தம்மாள் இப்படிச் சொன்னால் இப்படிக் கேட்பது, அப்படிச் சொன்னால் அப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்த விருத்தாம்பாளின் முகம் அவளைக் கண்டதும் வெளுத்துவிட்டது.

"உள்ள வாங்க" என்றவள், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து பிரித்தாள். கோப்பை ஒரு பக்கம், அதன் கைப்பிடி ஒரு பக்கமாகக் கிடந்தது.

"உங்ககிட்ட குடுக்கணுமேன்னு புளி போட்டுத் துலக்குனேன். கையோட வந்துடுச்சு. ஒடைஞ்சதக் கொண்டுபோயி எப்படி நீட்டுறதுன்னு... இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன். அவர்கிட்ட கூடச் சொல்லல."

மாணிக்கம்மாள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சரிந்துபோனது. சிரிப்புத்தான் வந்தது.

"இதுக்கா இம்மாம் பயந்தீங்க? வடலூர்ல ஒடைஞ்ச பாத்திரம் ஒட்டுற பத்தரு இருக்காரு. பத்த வச்சாப் போவுது. கெளம்புங்க."

பஸ்ஸில் விருத்தாம்பாள் முதலில் ஏறி உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்த மாணிக்கம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பத்தர் கடையில் ஏற்கெனவே இரண்டு குடங்கள் காத்திருந்தன. நேரமாகும் என்றார். இருவரும் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாணிக்கம்மாளுக்கு ஒன்று மட்டும் ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? கூலிக்காரி பாவம்னுதான் எனக்குப் பாதி குடுத்தாங்களோன்னு ஒரு நெனப்பு. உங்க கொரலு முன்னால எங்கொரலு நிக்குமா?"

விருத்தாம்பாள் சட்டென்று திரும்பினாள். "நீங்க வேற! என் வீட்டுக்காரர் கமிட்டியில இருக்காரேன்னு எனக்குப் பாதி குடுத்தாங்கன்னு நான் நெனச்சிட்டிருக்கேன். நீங்க அந்த நடவுப் பாட்டு பாடுனப்ப, இனிமே நாம எதுக்குப் பாடணும்னு தோணிச்சு எனக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணிக்கம்மாள் நடவுப் பாட்டை மெல்ல எடுத்தாள். விருத்தாம்பாளும் கூடச் சேர்ந்தாள். பத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தட்டுகிற வேலையைத் தள்ளி வைத்து, சத்தம் குறைந்த அராவுகிற வேலையைக் கையில் எடுத்தார்.

திரும்பும்போது கோப்பை மாணிக்கம்மாள் மடியில் இருந்தது.

"வர்ற தையிலயும் பாடுவோம்" என்றாள் விருத்தாம்பாள். "அவரைக் கமிட்டியை விட்டு வெலகச் சொல்லிடுறேன். அப்பத்தான் தெரியும்."

சொன்னபடியே செய்தாள். தையில் தீர்ப்புச் சொல்ல வெளியூரிலிருந்து வந்த இருவருக்கு இங்கே யாரையும் தெரியாது. முதல் பரிசு விருத்தாம்பாளுக்கு, இரண்டாவது மாணிக்கம்மாளுக்கு. பேரைச் சொன்னபோது மாணிக்கம்மாளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும், அன்றைக்கு விருத்தாம்பாள் பாடியதைக் கேட்டவள் அவள். கை வலிக்கத் தட்டினாள்.

மேடையிலிருந்து இறங்கிய விருத்தாம்பாள் முன்வரிசையில் புருஷன் பக்கம் போகாமல் நேரே வந்து அவளருகில் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது உங்க கொரல நீங்க நம்புறீங்களா?" என்றாள் மாணிக்கம்மாள்.

"நம்புறேன். நீங்க?"

"நான் யாருன்னே தெரியாதவங்க பாவம் பாத்தா ரெண்டாவது குடுத்திருப்பாங்க? நம்பறேங்க. ஆனா வர்ற வருசம் உங்கள வுடறதா இல்ல."